புதன்கிழமைக்கு வீட்டை மூட்டை கட்டுதல்

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிற குடும்பம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரே பிள்ளையோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் முழுக்க இருந்து பார்த்ததில்லை. இருந்து பார்த்தவர்கள் புதன்கிழமையைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அன்றைக்குத்தான் பள்ளியை விட்டு விலகிய ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரு வாடகைக் கூடத்தில் தத்தம் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு, தாங்கள் ஏன் விலகினோம் என்பதை ஒருவருக்கொருவர் மறுபடியும் நினைவூட்டிக்கொள்ளும். அதற்குக் கூடுநாள் என்று பெயர்.

கூடுநாளுக்கு மூட்டை கட்டுவதில் மூட்டை அக்காவை மிஞ்ச ஆளில்லை. பெயரே அதனால் வந்ததுதான். யாருக்காவது மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சும், செருப்பு அறுந்தால் ஊசிநூலும், இரண்டு தாய்மார்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் சூடாகத் தேநீரும் அவள் பைக்குள்ளிருந்து வெளிப்படும்.

அவள் மகள் குருவிக்கு எட்டு வயது. பள்ளியில் இருந்தபோது குருவி கேட்ட கேள்விக்கெல்லாம் ஆசிரியை, "நாளைக்குச் சொல்றேன்" என்றே பதில் சொன்னார். ஒரு வருடம் அந்த நாளைக்காகக் காத்திருந்துவிட்டுக் குருவி வாயை மூடிக்கொண்டாள். மதிப்பெண் அட்டையில் அதைப் பள்ளி 'ஒழுக்கத்தில் நல்ல முன்னேற்றம்' என்று பாராட்டியிருந்தது. அட்டையைப் படித்த அன்றே அக்கா மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். வீட்டுக்கு வந்தும் அந்த வாய் திறக்கவில்லை. கூடத்தில், 'ஓட்டைப்பல்' என்று பட்டம் வாங்கிய இன்னொரு வாயாடியின் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு புதன்கிழமையில்தான் திறந்தது. பிறகு அதை அடைக்க ஆளில்லை. ஆகவே புதன்கிழமைக்காக மலையையே கட்டி எடுத்து வரச் சொன்னாலும், கயிறு எங்கே என்றுதான் அக்கா கேட்பாள்.

மலையளவு எடுத்து வரச் சொல்பவர் ஒருவர் குழுவில் இருக்கவே செய்தார். அவர் இயற்கை அம்மா. தலைமை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. எல்லாவற்றையும் தாமே முடிவு செய்துவிட்டு அதற்கு 'ஒருமித்த கருத்து' என்று பெயர் வைப்பார். பிளாஸ்டிக் டப்பாவைக் கண்டால், விபத்தைக் கண்டவர்போல் கண்களை மூடிக்கொள்வார். சென்ற மாதம் 'சும்மா இருத்தல்' என்னும் உயரிய கல்விமுறையை அவர் அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான பொருட்கள்: நார்ப்பாய், இலவம்பஞ்சுத் திண்டு, தேன்மெழுகு விளக்கு, சாயமேற்றாத போர்வை, தொடங்கவும் முடிக்கவும் ஒரு மரமணி. சும்மா இருப்பதற்கு அக்கா இரண்டு பைகள் கூடுதலாகச் சுமந்தாள்.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை, இல்லக்கல்வி மேற்பார்வை அலுவலகத்தின் ஆய்வாளர் கூடத்துக்குள் எழுந்தருளினார்.

"இங்க என்ன நடக்குது?"

"பசங்க கூடி விளையாடறாங்க சார். படிக்கவும் செய்றாங்க," என்றாள் அக்கா.

"எந்த அடிப்படையில படிக்கிறாங்க?"

"வீட்டுக்கல்வி. உங்க ஆபீஸ்லதானே அனுமதி தந்தீங்க?"

"தந்தோம். வீட்டுக்கல்வின்னா வீட்டுல நடக்கணும். இது வீடா?"

"இல்ல, கூடம்."

"பள்ளிக்கூடமா?"

"ஐயையோ!" என்று தாய்மார்கள் ஒரே குரலில் அலறினார்கள்.

ஆய்வாளர் ஒரு கணம் சிந்தித்தார். "வீடும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல. அப்படின்னா சட்டப்படி இங்க பசங்களே இல்ல."

"கண்ணு முன்னாடி நிக்கிறாங்களே சார்?"

"நிக்கட்டும். நிக்கறதுக்குத் தடை இல்ல. கத்துக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்துக் குருவி ஓடிவந்து அக்காவின் கையை இழுத்தாள். "அம்மா, எறும்புக்குக் காது இருக்கா?"

அக்கா வாயைத் திறந்தாள். ஆய்வாளர் நாற்சந்தியில் வண்டியை நிறுத்துவதுபோல் கையை உயர்த்தினார். "பதில் சொல்லாதீங்க! சொன்னா அது கல்வி ஆயிடும். பாப்பா கேட்டது வரைக்கும் குத்தமில்ல."

அக்கா திறந்த வாயை மூடினாள். அவளும் பட்டம் பெற்றவள். சட்டத்தைச் சட்டத்தால்தான் அடிக்க வேண்டும் என்று தெரிந்தவள். "சரி சார். எது வீடு?"

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. அவருடைய பணிக்காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையிலிருந்து விதிநூலை எடுத்துக் கணீரென்று வாசித்தார்: "'இல்லம் எனப்படுவது, உறங்குதற்குரிய கட்டில், சமைத்தற்குரிய அடுப்பு, வாசலில் மிதியடி, சன்னலில் திரை, குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், நடப்பிலுள்ள குடும்பச் சச்சரவு ஒன்று ஆகியவை ஒருங்கே அமையப்பெற்ற இடமாகும்.'"

"சச்சரவா?"

"கட்டில், அடுப்பு, திரையெல்லாம் ஓட்டல்லயும் இருக்கும்மா. வீட்டையும் ஓட்டலையும் பிரிச்சுக் காட்டறது அது ஒண்ணுதான்." விதிநூலை மூடினார். "அடுத்த புதன் வருவேன். இது வீடா இருந்தா நடத்துங்க. இல்லன்னா பூட்டிடுவேன்."

அவர் போனதும் கூடம் இழவு வீடாயிற்று. அக்கா மட்டும் அழவில்லை. பிள்ளை இல்லத்தில்தான் படிக்க வேண்டும் என்று விதி சொன்னதே தவிர, இல்லம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றால், வீட்டையும் பிள்ளையிடம் எடுத்துப் போகலாம் என்று மற்றக் குடும்பங்களுக்கும் அவள் எடுத்துச் சொன்னாள்.

செவ்வாய் மாலை, மூக்குக் கண்ணாடிக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்த அவள் கணவர், வீட்டு நடுவே கட்டில் நான்கு துண்டாகக் கிடப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார்.

"என்னங்க பாத்துட்டு நிக்கிறீங்க? அந்தக் கால்மாட்டுப் பலகையைப் பிடிங்க."

"வீட்டையே கட்டிட்டியே. நாளைக்குச் சாயங்காலம் நான் எங்க வர்றது?"

"வீட்டுக்கு."

"அதான் எங்க?"

"கூடத்துக்கு. புதன்கிழமைன்னா அதுதான் வீடு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். காட்சியில் முன்னேற்றம் ஏதுமில்லை.

அக்காவின் மாமனார் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். மூத்த உறுப்பினர் தேவைப்படுகிறார் என்று தெரிந்ததும் பத்து வயது குறைந்தவராய் எழுந்து வந்தார். "அசல் வேணுமாம்மா, நகல் போதுமாம்மா?"

"அசலாத்தான் வரணும் மாமா."

"அப்ப என் சாய்வு நாற்காலியும் வரணும். நாற்காலி இல்லாம என்னை எவன் மதிப்பான்?"

"அந்தச் சச்சரவுன்னு ஒண்ணு சொன்னியே," என்றார் கணவர், தாழ்ந்த குரலில். "அதை எதுல கட்டப் போற?"

"தனியா கட்ட வேண்டாம். மாமா வந்தாக் கூடவே வந்துடும்."

"என்ன சொன்ன?" என்றார் மாமனார்.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

குருவி மூட்டைகளுக்கு நடுவே தாவிக்கொண்டிருந்தாள். "அம்மா, எறும்புக்குக் காது..."

"அந்த மிதியடிய உதறி எடுத்துட்டு வாடி."

"அதுலதாம்மா எறும்பு இருக்கு!"

"அதையும் சேத்து எடுத்துட்டு வா. வீடுன்னா எல்லாம் இருக்கணும்."

இதற்கிடையே இயற்கை அம்மாவிடமிருந்து எல்லாருடைய கைப்பேசிக்கும் ஒருமித்த கருத்து வந்து சேர்ந்தது: 'அன்பு உள்ளங்களே, வீடு கொண்டுவருவோர் வெளிர் மண்நிறத் திரைகளையே கொண்டுவரவும். இரும்புக் கட்டில் பிள்ளைகளின் கற்பனையைத் துருப்பிடிக்கச் செய்யும்.' அக்காவின் கட்டில் இரும்பு. அவள் அதற்கு ஒரு மண்நிறப் போர்வையைப் போர்த்தி, கற்பனைக்குக் காப்பு அளித்தாள்.

புதன் காலை கூடத்தின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பத்து மணிக்குள் ஏழெட்டு வீடுகள் உள்ளே குடியேறிவிட்டன. வாசலில் மிதியடிகள் நீண்டு கிடந்தன; ஒவ்வொன்றிலும் முறைப்படி கால் துடைத்து உள்ளே வருவதற்குள் ஆய்வாளர் பாதி களைத்துப்போனார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டில்களின் அடியில் ஒரு நகரமே உருவாகி, குருவியும் ஓட்டைப்பல்லும் அதற்கு மேயர்களாகித் தண்ணீர் வரி வசூலித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் கடமை தவறாதவர். ஒவ்வொரு கட்டிலிலும் படுத்து, கண்ணை மூடி, "உறங்கத்தக்கது" என்று குறித்துக்கொண்டார். ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு தேநீர் அருந்தினார். அக்காவின் வீட்டுக்கு அவர் வந்தபோது மாமனார் சாய்ந்திருந்தபடியே முழங்கினார்:

"அந்த ஃபேன நிறுத்து!"

"இப்பதானே மாமா போடச் சொன்னீங்க?"

"காத்துக்குத்தான் போடச் சொன்னேன். சத்தத்துக்கா போடச் சொன்னேன்?"

"அப்ப காத்து மட்டும் வர்ற மாதிரி நீங்களே போட்டுக்கோங்க!"

ஆய்வாளரின் கண்கள் கலங்கின. "போதும்மா, போதும். எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரியே இருக்கு."

கடைசியில் இயற்கை அம்மாவின் வீடு. எல்லாம் வெளிர் மண்நிறம். எங்கே திரை முடிகிறது, எங்கே குடும்பம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"சச்சரவு?" என்றார் ஆய்வாளர்.

"எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாதுங்க. நாங்க உணர்வுகளைப் பகிர்ந்துக்குவோம்."

ஆய்வாளரின் பேனா நின்றது. "அப்ப இது ஓட்டல்."

ஓர் ஓட்டல் உள்ளே இருந்தாலும் மொத்தக் கூடமும் வீடாகாது. கட்டிலுக்கு அடியில் குருவியின் குரல் இன்னும் வரி கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது மண்நிறத் திண்டு ஒன்று இருமியது. அது இயற்கை அம்மாவின் கணவர். குழுவில் ஒருவரும் அதுவரை அவர் குரலைக் கேட்டதில்லை.

"நான் ஒரு உணர்வைப் பகிர்ந்துக்கலாமா?" என்றார் அவர். "என் சிவப்புச் சட்டை எங்க?"

"அந்த நிறம் உங்க மனசுக்கு..."

"எங்கன்னு கேட்டேன்."

"குடுத்துட்டேன்!"

"யாருக்கு?"

"பாத்திரக்காரனுக்கு!"

"என் கல்யாணச் சட்டைய இந்த மரக் கிண்ணத்துக்கா குடுத்த?"

கிண்ணம் பறந்தது. மரமாதலால் விழுந்த ஓசையும் இனிமையாகவே இருந்தது. தாய்மார்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆய்வாளர் இரண்டு முறை குறியிட்டு, 'இக்கூடம் இல்லமே' என்று அந்த இடத்திலேயே சான்றிதழ் எழுதி முத்திரை குத்தினார். மாமனார் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தெளிவாக விழுந்திருக்கிறது என்றார். பிள்ளைகள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அக்கா, பல மாதங்களுக்குப் பிறகு, வெறுங்கையோடு உட்கார்ந்தாள்.

ஆய்வாளர் வாசலில், கடைசி மிதியடியில் நின்று திரும்பினார். "ஒரு சின்ன விஷயம். ஒரு பிள்ளைக்கு ஒரு இல்லம்தான். இன்னையிலேர்ந்து இதுதான் உங்க பிள்ளைங்க வீடு. பழைய இடத்துல பாடம் நடத்தினா குத்தம்."

"சார், அது எங்க வீடு!" என்று அக்கா துள்ளி எழுந்தாள்.

"அங்க கட்டில் இருக்கா?"

"இங்க இருக்கு."

"அடுப்பு?"

"அதுவும் இங்கதான்."

"மூத்த உறுப்பினர்?"

மாமனார் நாற்காலியிலிருந்து கையசைத்தார்.

"அப்ப அங்க இருக்கறது நாலு செவுரும்மா. சட்டப்படி அதுதான் கூடம்."

"நூத்துக்கு நூறு சரி," என்றார் மாமனார், தொழில்முறை மரியாதையோடு.

"அப்ப புதன்கிழமை?"

"புதன்கிழமை கூடுநாள்னு உங்க பேர்ல போன வாரமே பதிவு பண்ணிட்டேன். புதன்கிழமை வீட்டைவிட்டு வெளிய போயே ஆகணும். பழைய இடம் காலியாத்தானே கிடக்கு? அங்க போங்களேன்."

சான்றிதழைத் திருப்பித் தரவும் வழியில்லை; அதை அதற்குள் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. இப்போது மற்ற நாட்களிலெல்லாம் பிள்ளைகள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஒரே கட்டிடத்துக்குப் போகிறார்கள். எல்லாரும் வந்ததும் இயற்கை அம்மா மரமணியை அடிக்கிறார். ஒரு வீட்டுச் சச்சரவு இன்னொரு வீட்டுக்குள் நுழையாதிருக்கக் கட்டில்களை வரிசையாகப் போட்டு, பிள்ளைகளை அவற்றில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். தெருவில் போகிறவர் யாராவது, "இது என்ன ஸ்கூலுங்க?" என்று கேட்டால், "பாத்தாத் தெரியல? வீடு!" என்று சீறுகிறார்கள். இரவில் அவரவர் பழைய கூடத்துக்குப் போய்த் தரையில் படுக்கிறார்கள்; உறங்குவது கல்வியில் சேராது என்று ஆய்வாளர் பெருந்தன்மையோடு விளக்கம் அளித்திருக்கிறார். தம் மகனையும் அவர் இந்த வீட்டில் சேர்த்துவிட்டார். பள்ளிகள் பலவற்றை ஆய்வு செய்தவராதலால், எதிலெல்லாம் சேர்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

முதல் புதன்கிழமை வந்தது. அக்காவும் குருவியும் விதிப்படி வீட்டைவிட்டு வெளியேறி, தங்கள் பழைய வீட்டுக்கு வந்து வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். கட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் அக்கா மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை. திரை இல்லாத சன்னல் வழியாக வெயில் கண் கூச அடித்தது. சுவரில் எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

குருவி முழங்காலில் நகர்ந்து சுவரருகே போனாள். "அம்மா, இப்பவாவது சொல்லும்மா. எறும்புக்குக் காது இருக்கா?"

அக்கா வாயைத் திறந்தாள். சன்னலைப் பார்த்தாள். மிதியடி இல்லாத வாசலை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது வீடு இல்லடி. நாளைக்குச் சொல்றேன்."

குருவி அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைய கூடுநாள், விதிமீறல் ஏதுமின்றி, இனிதே நிறைவெய்தியது.