வாப்பாவைக் கள்ளனாக்கிய பயிற்சி வகுப்பு

புதிதாக ஒரு சொல்லைக் கற்றவருக்கு, மறுநாளே ஊரெல்லாம் அதுவாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரிந்தது ‘ஃபிஷிங்’. வியாபாரிகளுக்கான இணையப் பாதுகாப்பு வகுப்பொன்றில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். தெரிந்தவர்போல் நடித்துக் கடவுச்சொல்லைக் கறப்பது ஃபிஷிங். கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்பது ரான்சம்வேர். (பகல் பிரியாணிக்குப் பிறகு சொன்னவை ஞாபகமில்லை.) மாத்தளையில் எங்கள் மிளகுக் கடைக்கு அன்றுமுதல் நானே பாதுகாப்பு அதிகாரி. நியமித்ததும் நானே.

மறுநாள் வாப்பா ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் மிளகு பார்க்கப் போயிருந்தார். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

“மகள், வாப்பா பேசுறேன். ஃபோன் ஓடையில உழுந்திருச்சி, இது இன்னொருத்தர்ட ஃபோன். கொழும்புலேந்து மிளகு ஓடர் ஈமெயில்ல வந்திருக்கும். வெலையப் பார்த்துட்டுப் பகல் பன்னெண்டுக்கு முந்தி நானே பதில் போடணும். பாஸ்வேர்ட சொல்லுங்க.”

குரல் வாப்பாவுடையதுதான். ஆனால் குரலையும் இப்போது கணினி போலி செய்யுமாமே! அவசரப்படுத்துகிறார், கடவுச்சொல்லும் கேட்கிறார். ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் உம்மா.

“நீங்க வாப்பாண்டா, உம்மாட பிறந்தநாள் எப்ப?”

“அது... மிளகு காயப்போடுற காலம்.”

“தேதி?”

“வெளாடாதீங்க மகள்!”

“மாட்டிக்கிட்டான்!” என்று துண்டித்தேன். உம்மாவின் முகம் போன போக்கைக் கவனிக்கவில்லை. கையோடு கடவுச்சொல்லையும் மாற்றினேன், எவராலும் ஊகிக்க முடியாதபடி. (என்னாலும்தான்.)

மறுபடி அழைப்பு. இந்தமுறை உம்மா எடுத்தார், ஸ்பீக்கரிலேயே.

“தேதி ஞாபகமில்ல, நிஸா. மழை இருட்டினா ஒனக்கு எடது முழங்கால் வலிக்கும். யாருகிட்டயும் சொல்லமாட்ட, செவரப் புடிச்சிப் படியேறுவ. இங்க இருட்டிக்கிட்டு வருது. மொட்டமாடிக்கு ஏறாத. காயுற மிளக மகள அள்ளச் சொல்லு.”

உம்மா ஃபோனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “இது அவர்தான்.”

அந்த முழங்கால் வலி எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வாழும் பாதுகாப்பு அதிகாரிக்கு!

கடவுச்சொல்லை மாற்றிய கையோடு ஈமெயிலிலிருந்து வெளியேறியும் இருந்தேன்; புதியது நினைவுக்கு வரவேயில்லை. மீட்டெடுக்கும் இலக்கமோ வாப்பாவின் ஃபோனுக்குத்தான் வரும், அது ஓடையில். கொழும்புக்கு அழைத்துக் கெஞ்சியபோது பகல் தாண்டி, ஓடர் வேறு கடைக்குப் போயிருந்தது.

மாலையில் நனைந்து வந்த வாப்பாவைப் பார்க்கப் பயந்து, மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன்.

“கள்ளனப் புடிச்சிட்டீங்களா, மகள்?” என்றவர், அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

இன்றும் வாப்பா வெளியூரிலிருந்து அழைத்தால், உம்மா தன் பிறந்தநாளைக் கேட்காமல் பேசமாட்டார். வாப்பா ஒவ்வொரு முறையும் பிழையாகவே சொல்கிறார். தெரிந்தேதான் சொல்கிறாரென்று எனக்குச் சந்தேகம். பிழையாகச் சொன்னால் உம்மா இன்னும் கொஞ்சநேரம் லைனில் இருந்து திட்டுவார்.