ஆத்தப்பனுக்குத் தீக்குச்சி பதினொன்று

உ
முருகன் துணை

ராயபுரம், திருப்பூர்
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி வேல்குமாருக்கு அக்கா வள்ளிநாயகி ஆசீர்வாதத்துடன் எழுதியது. இங்கே நாங்கள் எல்லோரும் வேர்த்துக்கொண்டு சுகம். அங்கே கனடாவில் நீயும் அனிதாவும் விறைத்துக்கொண்டு சுகமாக இருக்கச் சிவன்மலை முருகனை வேண்டுகிறேன். வாட்ஸப் இருக்கும்போது எதற்குக் கூரியர் என்று நினைப்பாய். அந்த வாட்ஸப்பை எனக்குப் பழக்கிவிட்டவளே என் மகள் கலைமகள்தான், அதில் நான் எதை எழுதினாலும் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். பேசலாம் என்றால் அவள் ஆபீஸ் போயிருக்கும் நேரத்தில் நீ தூங்குகிறாய், நீ விழித்திருக்கும் நேரத்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே இதைப் படித்ததும் கிழித்துவிடு.

கலைக்கு உங்கள் ஊர்க் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். உன் மச்சான், "மாமங்காரன் வான்னு சொன்னாப் போகட்டும்" என்று பாரத்தை உன் தலையில் வைத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்கப் போகிறார். நீ வேண்டாம் என்று சொல்லவேண்டும். குளிர் தாங்காது, பிள்ளை விறைத்துப் போகும் என்று சொல். போன பொங்கலுக்கு, "ஊட்டுக்குள்ள பனியனோடதானக்கா இருக்கறோம்" என்று சொன்னாயே, அதை மட்டும் மறந்தும் சொல்லிவிடாதே.

நான் குளிரை அறியாமல் பேசுவதாக நினைக்காதே. முதலில் பல்லடத்தில் சோதித்துப் பார்த்தோம். உன் மச்சானின் சிநேகிதர் ரத்தினசாமிக்கு அங்கே கோழிக்கறி வைக்கிற குளிர் அறை இருக்கிறது, மைனஸ் பதினெட்டு. கலையை அதற்குள் அரைமணி நேரம் நிறுத்தினால் தானாகவே கனடா வேண்டாம் என்பாள் என்பது உன் மச்சான் கணக்கு. பத்தொன்பது வருடமாகக் குளிர்தேசத்துக்கு உள்ளே போடுகிற தெர்மல் பனியன் தைத்து அனுப்புகிறவர், அன்றுதான் முதல்முதலாக அதை உடம்பில் போட்டார். போட்டவர் உள்ளே போகவேண்டியதுதானே, முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் வாசலில் நின்றுகொண்டு ரத்தினசாமிக்குத் துணியின் கனம் எத்தனை ஜிஎஸ்எம், தையல் எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். வேர்வையில் தொப்பலாக நனைந்த பிறகு உள்ளே போனார், நாலு நிமிடத்தில் கதவைத் தட்டினார். பல் தந்தி அடிக்க, "துணி மேல தப்பில்லீங்க, வேர்வை மேலதான் தப்புங்க" என்றார். கலை அத்தனை கோழிக்கும் நடுவில் நின்று அரைமணி நேரம் போனில் யாருடனோ சிரித்துப் பேசிவிட்டு வந்து, "அங்க மைனஸ் நாப்பதும்மா, இது அதுல பாதிகூட இல்ல" என்கிறாள். அன்று எனக்கு விரத நாள் வேறு. அத்தனை கோழியைப் பார்த்த பாவத்துக்கு இரண்டு முறை தலை முழுகினேன்.

அந்த மைனஸ் நாற்பது எப்படி இருக்கும் என்று காட்டத்தான் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைத் திறந்தாள். பனிக்காட்டில் ஒற்றை ஆள். விறகு பொறுக்கவேண்டும், தீ மூட்டவேண்டும், பனியை உருக்கிக் குடிக்கவேண்டும். குளிர், பசி, தாகம், களைப்பு என்று நாலு வட்டம், எது காலியானாலும் உயிர் போய்விடும். கலை கையில் அவன் ஒரு தடவைகூட நாலாம் நாளைப் பார்த்ததில்லை. ஒருமுறை ஓநாய் கடித்தது, ஒருமுறை ஐஸ் உடைந்து விழுந்தான், ஒருமுறை தீ இல்லாமலே தூங்கப் போய்விட்டான், அப்படியே இவள் மாதிரி. இதுதான் சமயம் என்று விளக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுத்தேன்: இவனை இருபது நாள் சாகாமல் வைத்திரு, நீ கனடா போகலாம். இருபது நாள் நடக்காது என்ற தைரியம்தான்.

இனிமேல் எழுதுவது உனக்கும் முருகனுக்கும் மட்டும். மறுநாள் மத்தியானம் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்தேன். துணி ஏதோ பட்டனில் பட்டது, சும்மா நின்றிருந்தவன் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டான். நிறுத்தத் தெரியவில்லை. அடுப்பில் தீ அணைகிறது, பசி வட்டம் சிவக்கிறது. நம் ஊட்டில் சாமி விளக்கு எரிகிறபோது ஒருத்தன் பட்டினியாகச் சாவதா? ஒரே ஒரு விறகு போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவள் நான், என் இங்கிலீஷ் எல்லாம் பனியன் லேபிளில் படித்தது. அதில் தீயிடமிருந்து தள்ளி வை என்று போட்டிருக்கும், இங்கே தீயை விட்டு நகர்ந்தால் சாவு. அதையும் சமாளித்தேன். அவனுக்குப் பேர் இல்லாதது மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்தது, ஆத்தப்பன் என்று வைத்தேன். பேர் வைத்த பிறகு விடமுடியுமா?

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் கணக்கைத் தொடங்கினேன். தீக்குச்சி பதினொன்று, விறகு ஆறு, பீச் பழ டின் இரண்டு. கலை கார்த்திகை தீபத்துக்கு ஏற்றுகிற மாதிரி தீக்குச்சி கிழிப்பாள். நான் ஒரு குச்சியில் மூன்று நாள் ஓட்டினேன். சஷ்டியன்று மான்கறி இருந்தும் கொடுக்கவில்லை, நான் விரதம் என்றால் அவனும் விரதம். ஓநாய் வந்தபோது முருகா என்று கூப்பிட்டேன், திரும்பிப் போய்விட்டது. கையில் தீப்பந்தமும் இருந்தது, இருந்தாலும் முருகன்தான். ஒரே ஒரு பிசகு. பெட்டியில் கம்பளிச் சட்டையும் பருத்திப் பனியனும் கிடைத்தன. திருப்பூர்ச் சோற்றைத் தின்றுவிட்டுப் பருத்தியை ஒதுக்க மனம் வரவில்லை, நாலு பருத்தியாக மாட்டிவிட்டேன். ஆற்றங்கரையில் நனைந்து, அத்தனையும் பலகையாக உறைந்து, உயிர் கால்வாசிக்கு வந்துவிட்டது. எனக்குக் கை விறைத்தது தம்பி. வெளியே தார் உருகுகிற வெயில், நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று உள்ளே வந்த உன் மச்சான், "ஏம்புள்ள, காய்ச்சலா?" என்றார். ஜபம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மத்தியானத்தில் அவர் சத்தம் போட்டு இருமுவதுகூட இல்லை.

கலைக்குச் சந்தேகமே வரவில்லை. சாயங்காலம் வந்து திறந்து பார்ப்பாள், ஆத்தப்பன் விறகு சூழ உட்கார்ந்திருப்பான், கம்ப்யூட்டரில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள் போல. நேற்று முன்தினம் ஞாயிறு, கிருத்திகை, நான் சிவன்மலைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்பினால், வாசலிலேயே நிற்கிறாள். "இருபது நாளும்மா. விளக்கு முன்னால சொன்ன வாக்கு." உன் மச்சான், "அட, பொழச்சுக்கிட்டானே" என்று கண் கலங்குகிறார். இருபதில் பதினேழு நாள் நான் காப்பாற்றியது, கடைசி மூன்று நாள் நான் அடுக்கி வைத்த விறகில் தானாக ஓடியது. உண்மையைச் சொன்னால் என் ஜபம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் தீ மூட்டத் தெரியாத பிள்ளை மைனஸ் நாற்பதுக்குப் புறப்பட்டுவிடும். அவளைத் தனியாக விட்டால் மூன்று நாள்தான், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உன்னைக் கெஞ்சுகிறேன். ஊட்டில் இடமில்லை என்று சொல், அனிதாவுக்கு உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல், அந்தப் பொய்க்கு நான் இங்கே அர்ச்சனை செய்துவிடுகிறேன்.

அனிதாவைக் கேட்டதாகச் சொல். குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேலவன் காவல்.

இப்படிக்கு,
அக்கா வள்ளிநாயகி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்காதே. சாட்சிக்கு இருக்கட்டும் என்று நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்து இதோடு வைக்கப் போனேன். நான் எழுதிய பதினேழாம் நாளுக்குக் கீழே கலை கையெழுத்து. "பதினெட்டாம் நாள், புயல், வெளியே விடவில்லை, விறகு இரண்டு செலவு. பத்தொன்பது, பனி உருக்கித் தண்ணீர் மூன்று பாட்டில். இருபது, இன்று கிருத்திகை, மான்கறி இருக்கிறது, கொடுக்கவில்லை, பீச் பழ டின் ஒன்று. தீக்குச்சி மீதி நான்கு." என் எழுத்து மாதிரியே கோடு போட்டு எழுதியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், நான்கு சரியாக இருக்கிறது. அதற்கும் கீழே, "அம்மா, நான் போனதுக்கப்புறம் மத்தியானம் இவனுக்கு விறகு போட மறந்துடாத."

ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டதும் வரச் சொல். அவளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வை, பருத்தி வேண்டாம். இதை உன் மச்சானிடம் சொல்லாதே. கூரியர்காரர் வந்துவிட்டார், ஆத்தப்பனுக்கும் தீ அணையப் போகிறது.