எட்டாம் நம்பர் எலி

எட்டா, பதினொன்றா?

கூண்டுக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை எலிகள் மீசையை ஆட்டின. டெக்னீஷியனின் கையில் 8, 11 என்று நம்பர் எழுதிய இரண்டு கூண்டு அட்டைகள். கூண்டுகளைக் கழுவக் கொடுக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். வாலில் போட்டிருந்த மை அடையாளத்தை எலிகளே நக்கித் தீர்த்திருந்தன.

வயிற்றைக் கீறித் தைத்தால், ஆறும்போது உள்ளே குடலோடு குடல் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத் தலைமை டாக்டர் ஒரு ஜெல் கண்டுபிடித்திருந்தார். ஆபரேஷன் செய்த பன்னிரண்டு எலிகளில் ஆறுக்கு ஜெல், ஆறுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எட்டாம் நம்பருக்கு ஜெல், பதினொன்றுக்குத் தண்ணீர். வரும் வெள்ளிக்கிழமைதான் எலிகளின் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக முடிந்தால்தான் டெக்னீஷியனுக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமாகிவிட்டதென்று மாமனாரிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார்.

எடை போட்டார். இரண்டும் இருநூற்று நாற்பது கிராம். எட்டாம் நம்பர்தான் கடிக்கும் என்று கூண்டு கழுவும் அக்கா யோசனை சொன்னாள். விரலை நீட்டினார். இரண்டும் கடித்தன.

"இப்ப என்ன தம்பி பண்ணப்போற?"

"ஒண்ணைத் திறந்து பாத்துடறேன்க்கா. ஒட்டியிருந்தா அது தண்ணி எலி."

"அப்போ வெள்ளிக்கிழமைக்கு?"

"தானா செத்துப்போச்சுன்னு எழுதிக்கலாம்."

"நீ எலியைச் சொல்றியா, உன் வேலையைச் சொல்றியா?"

மயக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்து ஒன்றைத் திறந்தார். குடல், பிழிந்த துணிபோல ஒட்டிக் கிடந்தது. அப்பாடா, இது பதினொன்று. மனசு கேட்காமல் மற்றதையும் திறந்தார். அதுவும் ஒட்டியிருந்தது.

அட்டை கழற்றாத, சந்தேகமே இல்லாத ஜெல் எலி ஒன்றைத் திறந்தார். ஒட்டல். இன்னொன்று. அதுவும். மதியத்துக்குள் ஜெல் எலிகள் ஆறும் தட்டில் வரிசையாக விறைத்துக் கிடந்தன. அக்கா அவற்றைத் துணியால் மூடிவிட்டு வெளியே போனாள்.

கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். வாயை மூடிக்கொண்டால் வேலை பிழைக்கும். ஆனால் நாளைக்கு இதே ஜெல்லை மனுஷன் வயிற்றில் அல்லவா தடவுவார்கள்! போனால் போகட்டும் என்று தலைமை டாக்டர் அறைக்கு நடந்தார்.

கதவு சாத்தியிருந்தது. வாசலில் டைப்பிஸ்ட் பெண் மட்டும். அட்டை மாறியதிலிருந்து ஆறு எலிகள் வரை அவளிடமே ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆறுமே ஒட்டியிருந்துச்சா? அது எப்படிண்ணே? ஆறுலயும் ஒட்டவே இல்லைன்னு டாக்டர் சொல்லச் சொல்ல, போன திங்கக்கிழமையே நான்தானே ரிப்போர்ட் அடிச்சு அனுப்பினேன்!"