சகலைக்கு அடித்த சல்யூட்

சகலைமேல் பொறாமைப்படாத மருமகன் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படி யாராவது இருந்தால், அவருடைய மாமனாருக்கு ஒரே பெண்ணாக இருக்கும்.

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவரைக் கட்டியவர் தினகரன். மலேசிய விமானப்படையில் கேப்டன் (இங்கே தரைப்படைக்கும் அதே பதவிப் பெயர்தான்), ஹெலிகாப்டர் ஓட்டுகிறார். இளையவள் மாலதியைக் கட்டியவன் நான். தரைப்படையில் கேப்டன், தளவாடக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். (அதாவது பூட்ஸ், கூடாரம், சார்டின் டின்.)

மாமனார் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாங் பெர்ஜுந்தாயில் அவர் வீட்டுக்கு மேலே எந்த ஹெலிகாப்டர் பறந்தாலும் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார். "பெரியவரு போறாரு" என்பார். தினகரன் அன்றைக்குக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் இருந்தாலும் சரி, அது பெரியவர்தான். அதே வீட்டைத் தாண்டி நாளெல்லாம் சாமான் ஏற்றிய லோரி போகிறது. ஒரு தடவையாவது, "சின்னவரு போறாரு" என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

சாப்பாட்டிலும் அதே கதைதான். நண்டுப் பிரட்டல் செய்தால் பெரிய கொடுக்கெல்லாம் பெரியவர் தட்டுக்குப் போய்விடும். "தம்பிக்குத்தான் நண்டு ஆகாதுல்ல" என்று மாமியார் எனக்கு முட்டை வைப்பார். எனக்கு நண்டு ஆகும். நன்றாகவே ஆகும். ஆகாது என்று யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை.

இதிலே வெளியே சொல்ல முடியாத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. குடும்பத்தில் அவர் மூத்தவர். அவர் வந்தால் "வாங்கண்ணே" என்று எழுந்து நாற்காலி தரவேண்டியவன் நான். ஆனால் கேப்டன் பதவி எனக்குத்தான் முதலில் வந்தது, நான்கு மாதம் முன்னால். ஒரே பதவியில் இருக்கும் இரண்டு அதிகாரிகள் சல்யூட் அடித்தே தீரவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனாலும் பதவி முந்திக் கிடைத்தவர்தான் சீனியர். ஜூனியர் ஒரு மரியாதைக்கு முதலில் கையைத் தூக்குவார், சீனியர் பதிலுக்குத் தூக்குவார். யார் கை முதலில் எழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மாமனார் கண் முன்னால் தினகரனின் கை முதலில் எழவேண்டும். இதற்காக நான் தவமாய்த் தவம் கிடந்தேன். ஆனால் தீபாவளிக்குக் கைலியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் சல்யூட் எதிர்பார்க்க முடியுமா? இருவரும் சீருடையில், தலையில் தொப்பியோடு, ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

அந்த நாளும் வந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. ஏற்பாட்டுக் குழுவில் மாமனாரும் இருந்தார். "ரெண்டு மருமவனும் யூனிபார்ம்லதான் வரணும். பிள்ளைங்க பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நான் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிய வேகத்தைப் பார்த்து அவரே ஏதோ குடும்பத்தில் விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்.

முந்தின நாள் நான் சீருடைக்கு இஸ்திரி போடுவதை மாலதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மடிப்பைத் தொட்டா கை அறுத்துரும் போல இருக்கே. பிள்ளைங்களோட நீங்களும் ஓடப் போறீங்களா?"

"உனக்குப் புரியாது லா" என்றேன்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் திடலுக்குப் போய்விட்டேன். கிழக்கே செம்பனை மரங்களுக்கு மேலே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. மேடைக்கு முன்னால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வருகிறவர் கண் கூசவேண்டும், நான் மட்டும் ஒளிவட்டத்தோடு நிற்கவேண்டும் என்பது திட்டம். (கிடங்குக்காரனுக்குப் போர்த்தந்திரம் தெரியாது என்று யார் சொன்னது?) பக்கத்தில் மாமனார், மாமியார், தலைமையாசிரியர். சுற்றிலும் பெற்றோர் கூட்டம்.

தினகரனின் கார் வந்தது. இறங்கினார். அந்த நீலச் சீருடையை அவர் உடம்பிலேயே வைத்துத் தைத்திருப்பார்கள் போல. கூட்டத்தில் அம்மாக்கள் பக்கம் ஒரு சலசலப்பு. நான் நின்றபோது ஒரு கொசுகூடச் சத்தம் போடவில்லை. மாலதியின் அக்காவையும் பிள்ளைகளையும் பின்னால் விட்டுவிட்டு அவர் நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தார். நான் அசையவில்லை. இன்னும் கிட்டே வந்தார். நான் மூச்சுக்கூட விடவில்லை. அவருடைய வலது கை எழுந்தது.

எழுந்தேவிட்டது! மாமனாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

அணிவகுப்பில்கூட நான் அப்படி ஒரு சல்யூட் அடித்ததில்லை. பூட்ஸ் தரையில் மோதிய சத்தத்தில் யாரோ ஒருவரின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. என் விரல் நுனி புருவத்தில் நின்று அதிர்ந்தது.

அப்போதுதான் தினகரனின் கையைச் சரியாகப் பார்த்தேன். அது அவர் நெற்றிக்கு மேலே குடைபோலக் கவிழ்ந்திருந்தது. வெயிலை மறைத்துக்கொண்டு, எதிரே நிற்பது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு... தம்பியா?" என்றார்.

என் கை இறங்காமல் நிற்பதைக் கண்டதும் சட்டென்று விறைத்தார். குதிகாலைச் சேர்த்து, அழகாக, அளவாக, ஒரு பதில் சல்யூட். சீனியர்கள் ஜூனியர்களுக்குத் தருவதுபோலவே.

திடலே கைதட்டியது. மாமனார் தலைமையாசிரியர் கையிலிருந்த மைக்கை வாங்கிவிட்டார்.

"பாத்தீங்களா! எங்க சின்னவரு பெரியவருக்கு எப்டி மரியாத குடுக்குறாரு! குடும்பம்னா இப்டித்தான் லா இருக்கணும்!"

நான் அவர் காதோரம் போய், "மாமா, உண்மையில நான்தான் சீனியர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. நீங்கதான் மொதல்ல வந்தீங்க. விடியறதுக்குள்ளயே வந்துட்டீங்களே" என்று தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு நாள் முழுவதும் சரிவுதான். ஓட்டப் பந்தயத்துக்கெல்லாம் பெரியவர் கோப்பை கொடுத்தார். சாக்கு ஓட்டத்தில் விழுந்தவர்களுக்கு நான் ஆறுதல் பரிசு கொடுத்தேன். இடைவேளையில் ஒரு மீ கோரெங் (பிரட்டிய நூடுல்ஸ்) பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக்குப் பின்பக்கம் போய்விட்டேன். வியர்வையில் ஊறிய தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாய் நிறைய அள்ளிப் போட்டபோது தினகரன் மூலை திரும்பி வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். விறைத்தார். சல்யூட் அடித்தார்.

"நீங்க எனக்கு நாலு மாசம் சீனியர், தம்பி. காலையில நான்தான் மொதல்ல அடிக்கணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். வெயில்ல ஆளே தெரியல. கோவிச்சுக்காதீங்க."

தொப்பி இல்லாத தலைக்குக் கையைத் தூக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே உதட்டோரம் ஒரு மீ தொங்க, கையில் பொட்டலத்தோடு, விறைப்பாக நின்று மட்டும் அதை ஏற்றுக்கொண்டேன். இத்தனை காலம் காத்திருந்த சல்யூட்டுக்குச் சாட்சி, வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஒரு மாடு.

அதுவரை அவர்மேல் எனக்கு இருந்தது சாதாரணப் பொறாமை. மனிதர் நல்லவர் வேறு என்று தெரிந்ததும் அது இரண்டு மடங்கானது.

மீயை விழுங்கிவிட்டு அடுத்ததாக நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

"அண்ணே, இதையே மேடைக்கிட்ட வந்து, மாமா பாக்குறப்ப இன்னொரு தடவ அடிப்பீங்களா?"

தினகரன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதை அக்காவிடம் சொன்னார். அக்கா மாலதியிடம் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேருவதற்குள் மாமியார்வரை தெரிந்துவிட்டது. இப்போது அந்த வீட்டில் நான் எதைக் கேட்டாலும், ஒரு கோப்பைத் தேநீர் கேட்டால்கூட, "மாமா பாக்குறப்பவா, இப்பவேவா?" என்றுதான் பதில் வரும்.

போன மாதம் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, பெரியவரு மேஜர் ஆயிட்டாராம். கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன் மாமா. ரொம்பச் சந்தோஷம்." (பல்லைக் கடித்துக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்வது எளிதல்ல.)

"இனிமே நீங்கதான் மொதல்ல சல்யூட் அடிக்கணுமாம்ல? கட்டாயமாம்ல?"

"ஆமா மாமா."

"ஒன்னும் கஷ்டமா இருக்காது லா" என்றார் மாமனார், உண்மையான பரிவோடு. "உங்களுக்குத்தான் பழக்கம் இருக்கே."