சின்னதொரை வாயிலிருந்து பிடுங்கிய ரொட்டி

எனக்குக் கோபம் வந்தால் லேசில் ஆறாது. கோபம் வந்த நேரத்தை நோட்டில் குறித்து வைக்கிற பழக்கம் வேறு இருக்கிறது. குறித்து வைத்தது எப்படி ஆறும்? இந்தச் சம்பவம் தொடங்கியது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு. தேதியும் இருக்கிறது, ஆனால் இங்கே போடமாட்டேன். போட்டால் அதை வருடா வருடம் கொண்டாட எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் முன்பள்ளி ஆசிரியை. அப்போது முப்பத்தொரு வயது. உலகத்தில் பாதியைப் படித்து முடித்துவிட்டேன், மீதியைத் திருத்த வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து துண்டுத்துணிப் போர்வை தைத்து வந்தோம். கார்மென்ட்ஸில் கழித்துப் போடும் துண்டு, பழைய சேலை, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் கிழிந்த கம்பளியைக் கொடுத்துத் தைத்துவிட்டால் எங்கள் ஊர்ப் பனிக்கு அதுதான் சரி. மாரியாயி அக்கா பச்சையில் மட்டும் பதினொரு வகைத் துண்டு சேர்த்து, ஒரு முழு மலைச்சரிவையே போர்வையில் இறக்கிவிடுவார். என் தையல் அந்த மலைச்சரிவில் ஏறுகிற ரோடு மாதிரி இருக்கும். (என் சதுரத்தைக் கால்மாட்டில் வைத்தார்கள். "கால் படுற எடந்தானே டீச்சர், யாரு பாக்கப்போறா" என்றார் மாரியாயி அக்கா. இந்தக் கோபமும் நோட்டில் இருக்கிறது.)

தைக்கத் தெரியாதவளுக்கு மூன்று வேலை கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை எங்கள் செய்திகளை எழுதிச் சுவரில் ஒட்டுவது, சனிக்கிழமைச் சாப்பாட்டைத் தீர்மானிப்பது, ஊசிகளை எண்ணுவது.

போர்வை தைக்கிறவர்களின் சமையலுக்குச் சட்டம் ஒன்றுதான்: துணியில் கறை படக்கூடாது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் கிட்டவே வரக்கூடாது. ஆகவே தேங்காய்ச் சம்பலை ரொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன். இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும், உப்பு. வெந்நீர் தெளித்துப் பிசைந்து, தட்டி, காய்ந்த கல்லில் இரண்டு பக்கமும் சுட்டால் போதும். தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம்.

ஊசிக் கணக்குக்குக் காரணம் இருந்தது. நாங்கள் தைத்தது பழைய பிள்ளைக்காம்பராவில். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன அந்த அறை, புதிய கட்டடம் வந்ததும் காலியாகிவிட்டது. பழகிய இடம் என்று பிள்ளைகள் இன்னும் அங்கே வந்து தவழும். மா பிசைவதும் தைத்த கைதான். அதிலும் ராணி என்கிற பெண், ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டே பிசைவாள். அதனால் பதினான்கு ஊசியும் அவற்றைக் குத்திவைக்கும் சிவப்புத் துணிக்குத் திரும்பி வந்து, நான் எண்ணிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாப்பாடு உள்ளே வரும்.

அந்த அறையைத்தான் புதிதாக வந்த சின்னதொரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், கேட்டார். உர மூட்டை அடுக்க வேண்டுமாம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் போர்வையை விரித்தால் ஆள் நிற்க இடமிருக்காது. அந்த அறை போனால் தையலும் போய்விடும். ஒருமுறை வந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தது இரண்டு ஏழுக்கு. ஐம்பத்து மூன்று நிமிடம் முன்னதாக! எங்கள் வேலைகளைப் பற்றி அவரிடம் கொடுக்க நான் எழுதிய நான்கு தாள் அறிக்கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவசரமாக அதை அவர் கையில் கொடுத்தேன். யாரோ பதற்றத்தில் ரொட்டியையும் தேத்தண்ணியையும் கொண்டுவந்து நீட்டிவிட்டார்கள். ஊசி இன்னும் எண்ணவில்லை.

அவர் அறிக்கையைத் திறக்கக்கூட இல்லை. குழலாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்று மாதத்துப் போர்வையைச் செருப்புக் காலோடு சுற்றி வந்து, "இத வீட்ல ஒக்காந்து தைக்கலாம் தானே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அதை அடக்க ஊசிகளை எண்ணினேன். பதின்மூன்று. மறுபடியும் எண்ணினேன். பதின்மூன்றுதான். நிமிர்ந்தால், சின்னதொரை ரொட்டியை வாயில் வைத்துக் கடிக்கப் போகிறார்.

அடுத்து நடந்ததை யோசித்துச் செய்தேன் என்று எழுத ஆசைதான். பாய்ந்துபோய் ரொட்டியைப் பிடுங்கினேன். அதற்குள் அவர் கடித்துவிட்ட துண்டையும் விடவில்லை.

"துப்புங்க சேர்" என்றேன். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பேசி வந்த குரல். அவரும் துப்பிவிட்டார்.

ஊசி ஒன்று குறைகிறது என்று விளக்கியதும் அவர் முகம் வெளுத்தது. கன்னத்தை உள்ளே நாக்கால் துழாவ ஆரம்பித்தார். பெண்கள் இருபத்திரண்டு ரொட்டியையும் விரல் நகம் அளவுக்குப் பிய்த்துப் போட்டார்கள். ஊசி இல்லை. போர்வையை நான்கு பேர் பிடித்து உதறினார்கள். அதிலும் இல்லை. நான் நேராக ராணியிடம் போய், எல்லார் முன்னாலும் அவள் தோளைத் தடவிப் பார்த்தேன். அவள் அழுதுவிட்டாள்.

"அந்தப் புள்ளய விடுங்க டீச்சர்" என்றார் மாரியாயி அக்கா. "அவ ஊசியக் குடுத்தத நான் பாத்தேன். நீங்கதான் கடைசியா ஒண்ணு எடுத்தீங்க. அத எங்க வச்சீங்க?"

நான் எதையும் வைத்த இடம் மறக்கிறவள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் சின்னதொரை பொறுமையிழந்து, சுருட்டிய அறிக்கையை எடுத்து, "இதுக்குத்தான் இங்க வேணாங்குறேன்" என்று தன் உள்ளங்கையில் ஓங்கி அடித்தார்.

அடித்த வேகத்தில் ஐயோ என்று கத்தினார்.

ஸ்டேப்ளரில் கம்பி தீர்ந்துபோயிருந்தது. தாள்களை நூலால் தைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஆள் வந்ததும் ஊசியை மூலையில் குத்தியபடியே கொடுத்துவிட்டேன். பதினான்காவது ஊசி, அறிக்கையோடு சேர்ந்து சின்னதொரையின் கையில் நின்றது. அவர் கையை உதறியதில் மாரியாயி அக்காவின் பச்சை மலைச்சரிவில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. மூன்று மணிக்கு வந்திருந்தால் ஊசி துணிக்குப் போயிருக்கும் என்று அன்றும் வாதாடினேன், இன்றும் வாதாடுவேன். அறிக்கையைத் திறந்திருந்தாலே கண்ணில் பட்டிருக்குமே! ராணியிடம் மட்டும் வாதாட எதுவும் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதச் செய்தியிலும் எழுதி ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை கடிதம் வந்தது. பிள்ளைக்காம்பராவில் இப்போது உர மூட்டை இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ரத்தக் கறை போகவில்லை. மாரியாயி அக்கா அதன்மேல் சிவப்புத் துண்டு வைத்து ஒரு கொழுந்துக்காரியின் தலைத்துண்டாக்கிவிட்டார். அந்தப் போர்வையிலேயே எல்லாரும் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

அறையை இழந்தது என்னால் என்பதால், தையல் என் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமைகளில் எங்கள் முன்காம்பரா முழுக்கப் போர்வைதான். என் கணவர் கம்பளிக் குல்லாவோடு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். உள்ளே பெண்கள் சொல்லிச் சிரிப்பதையெல்லாம் அங்கிருந்தே கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார்.

போன மாதம் அவர் தங்கைக்குக் கல்யாணம். பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறியாயிற்று. ஒருவரும் சாப்பிடவில்லை. பார்த்தால், என் கணவர் முதல் கவளத்தை வாய்க்கு நேரே பிடித்தபடி என்னையே பார்க்கிறார். அவருக்கு அடுத்து அவர் அண்ணன், அண்ணி, மாமா, பிள்ளைகள் எல்லாரும் கவளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "சாப்பிடுங்க" என்றேன்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். புது மாப்பிள்ளை மட்டும் கையை இறக்காமல், "நெசமாவே எண்ணிட்டீங்களா அக்கா?" என்று கேட்டார். அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.