பகையாளி வீட்டு ஹார்ட் டிஸ்க்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கொக்குவிலில் இருந்த அந்த அச்சுக் கடையில் நின்றவர்கள் கடைக்காரர் கொப்பி அண்ணையும் நானும். இல்லாதவர் அப்பா. வெள்ளிக்கிழமை அவருடைய அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய கல்வெட்டு, அவருடைய வாழ்க்கையும் படமும் சேர்ந்த சின்னப் புத்தகம், அண்ணையின் கணினிக்குள் இருந்தது. கணினியின் ஹார்ட் டிஸ்க்கோ பல்லி மாதிரி நாலு தரம் சொல்லிவிட்டு உயிரை விட்டிருந்தது.

ஹார்ட் டிஸ்க் செத்ததற்குச் சிரித்த மனிதர் யாழ்ப்பாணத்தில் கொப்பி அண்ணை ஒருவராகத்தான் இருப்பார்.

"சாகட்டும் தம்பி! உதுக்காகத்தானே இவ்வளவு காலமும் காத்திருந்தனான்."

எதிலும் இரண்டு வைத்திருப்பவர் அவர்; நகலுக்கு எங்கள் ஊரில் கொப்பி, பெயர் அதால் வந்தது. கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி. சைக்கிள் கரியரில் ஒரு வலது காற்செருப்பு, "உதுதான் எப்பவும் அறும்." தேத்தண்ணிக் கடையில் இரண்டு கோப்பை, "ஒண்டு கவிண்டால்?" கலியாணம் மட்டும் ஒன்று. அந்த விஷயத்தில் அவர் மனைவி விடவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பண்டத்தரிப்பில் ஊராரின் தோட்டங்களில் வெங்காயம் கிண்டியவர். அவர் சிரிக்கிற படம் உலகத்தில் ஒன்றுதான். நான் பல்கலைக்கழகம் போக முன்னர் சான்றிதழ்களைக் கொப்பி எடுக்க வந்த அன்று, "எங்கடை வீட்டிலை படிச்சவன் இவன்தான்" என்று அப்பா சொல்லிச் சிரிக்க, அண்ணை கடைக் கமராவால் டக்கென்று எடுத்த படம்.

அண்ணை பட்டணத்துக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்து பூட்டினார். கணினி எழும்பியது, உள்ளே வெறுமையாக.

"பழசுகளின்ரை கொப்பி எங்கை அண்ணை?"

"பரமுவிட்டை."

மானிப்பாயில் அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரர் பரமு. வேலிக் கதியாலை, எல்லைக் கிளைத் தடியை, எங்கே நடுவது என்று இருவருக்கும் நீதிமன்றத்தில் வழக்கு.

"வழக்காளியிட்டையோ குடுத்து வைச்சிருக்கிறியள்?"

"வேறை ஆரிட்டைக் குடுக்கிறது? என்ரை வீட்டிலை வைச்சால் மனிசி ஈரத்துணியாலை துடைக்கும். சிநேகிதன் படம் பாக்கச் செருகுவான். பகையாளி தொடமாட்டான். தொட்டால் பொலிசுக்குப் போவன் எண்டு தெரியும்."

"அவர் ஏன் வாங்கி வைச்சிருக்கிறார்?"

"நான் வந்து கெஞ்சிற நாளுக்காக."

ஞாயிறு தோறும் அண்ணை புதுக் கொப்பியை ஒரு பையில் போட்டு வேலியில் கொழுவுவாராம். பரமு அதை எடுத்துக்கொண்டு போன கிழமைப் பையைக் கொழுவுவாராம். திரும்பி வந்த டிஸ்க்கை அண்ணை அன்றைக்கே அழித்து அடுத்த ஞாயிறுக்கு வெறுமையாக வைப்பாராம். ஒரு சொல்லுக் கதை கிடையாது.

மானிப்பாய்க்குப் போனோம். வேலிக்கு அங்கால் பரமு சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

"டேய் பரமு, டிஸ்க்கைத் தா!"

"ஞாயிறெல்லோ எங்கடை நாள்?"

"இந்தப் பெடியன்ரை தகப்பன்ரை கல்வெட்டு அதுக்குள்ளை கிடக்கு."

பரமு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் பண்டத்தரிப்பில் ஒரு தோட்டம்; அப்பாவைத் தெரியும். "தோட்டக் கூலிக்குக் கல்வெட்டோ? நல்ல காலம்தான்! சரி, கதியாலை உன்ரை பக்கம் ஒரு முழம் தள்ளி நட விடு. தாறன்."

எனக்கு முகம் கொதித்தது. "வேண்டாம் அண்ணை, வாங்கோ. நான் முழுக்கத் திருப்பி எழுதுறன்."

"எழுதுவாய். படத்தைத் திருப்பி எடுப்பியோ?" என்றார் அண்ணை.

பிறகு அவர் போட்ட சத்தம் மானிப்பாய்ச் சந்திவரை போயிருக்கும். "எடடா உன்ரை முழத்தை! வழக்கிலை தோத்துக் குடுக்கேல்லை, நானாக் குடுக்கிறன். ஆனால் என்ரை கையாலைதான் அளப்பன்!"

அண்ணைக்குக் கட்டைக் கை. அன்றைக்கு விரல்களையும் மடக்கிக்கொண்டு அளந்தார்.

"உது முழமோ? சாண்!" என்று பரமு குதித்தார்.

"என்ரை கை இவ்வளவுதான். கடவுளிலை வழக்குப் போடு!"

டிஸ்க் வேலி தாண்டி வந்தது.

கடையில் அதைச் செருகியதும் நான் மவுசுக்குப் பாய்ந்தேன். கையில் ஒரு அடி விழுந்தது. "மிஞ்சினது இது ஒண்டுதான். முதல் இதுக்கொரு கொப்பி!" கொப்பி எடுத்து, அந்தக் கொப்பிக்கும் கொப்பி எடுத்த பிறகுதான் திறக்க விட்டார். திங்கட்கிழமை செய்த திருத்தங்கள் போயிருந்தன. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை முதற்புத்தகம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அண்ணை அதைப் பையில் போட்டுப் பரமுவின் வேலியில் கொழுவினார். "வாசிக்கட்டும். கூலியாம் கூலி!"

மொத்தச் செலவு: புது டிஸ்க்குக்குப் பதினெண்ணாயிரம் ரூபா, ஒரு கட்டை முழம் காணி, அதில் காய்த்து நின்ற முருங்கை. நான் காசை நீட்ட, "உன்ரை அப்பா என்ரை கடையிலை நிண்டு சிரிச்சவரெல்லோ" என்று சொல்லி, அண்ணை எண்ணி எடுத்தது கடதாசிக்கு மூவாயிரம்.