சைக்கிளுக்கு ஆன்டிக் ஃபினிஷ்

ஆம்பூரில் சர்க்கரை வந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் விடியற்காலையில் நடப்பார்கள். தேவானந்தம் நடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மிதிப்பாராம். அதுவும் சாதாரண சைக்கிளை அல்ல, கார்பன் சைக்கிளைத்தான் மிதிப்பாராம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாம்பாரில் கை இருக்கும்போதே இந்தச் சபதத்தைச் செய்தார்.

சபதத்துக்குக் காரணம் ஒரு ஜெர்மன்காரர். தேவானந்தம் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். அங்கே டெக்னீஷியனாக வந்திருந்த யூர்கன், தினமும் காலையில் கறுப்பு சைக்கிள் ஒன்றில் மாதனூர் வரைக்கும் போய்த் திரும்புவார். கம்பெனி பஸ்ஸையே முந்துவார். ஒரு நாள் அந்த சைக்கிளைத் தேவானந்தம் தூக்கிப் பார்த்தார். ஒரே கையில் வந்துவிட்டது. இருபது வருஷமாக மாதாகோயிலில் மைக் ஸ்டாண்டுகூட அவருக்கு அப்படி வந்ததில்லை. அன்றைக்கே மனசு போய்விட்டது.

யூர்கன் ஊருக்குக் கிளம்புகிற நேரம். "வேண்டுமானால் எடுத்துக்கொள், விலை போட்டுத் தருகிறேன்" என்றார். தேவானந்தம் வீட்டுக்கு ஓடினார்.

"ஞானம், யூர்கன் சைக்கிளை எனக்கே தர்றேங்கிறாரு."

அவர் மனைவி ஞானசுந்தரி மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். நோயாளி பொய் சொன்னால் தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"அதுல கேரியர் இருக்குதா?"

"இல்ல."

"ஸ்டாண்டு?"

"இல்ல. சுவத்துல சாய்க்கணும்."

"பெல்லு? மட்கார்டு? பூட்டு?"

"எதுவும் கெடயாது. அதான் லேசா இருக்குது."

"எல்லாம் கம்மி, வெல மட்டும் ஜாஸ்தியா?" என்றார் ஞானசுந்தரி. பிறகு கொஞ்சம் யோசித்தார். "பழசுதானே? ஒடம்புக்கு நல்லதுன்னா வாங்கிக்குங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைத்த சந்தோஷத்தில் மனிதர் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. யூர்கன் சொன்ன ஒரு வார்த்தை உறுத்தியது. கார்பனில் விரிசல் விட்டால் வெளியே தெரியாதாம். உள்ளுக்குள்ளேயே இருக்குமாம். நாணயத்தால் தட்டிக் கேட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். தோல் என்றால் தேவானந்தம் விரலை ஓட்டியே கழுத்துத் தோலா வயிற்றுத் தோலா, உண்ணி கடித்த இடமா என்று சொல்லிவிடுவார். கார்பனில் அந்த விரல் செல்லாது. யூர்கன் தட்டினால் ஒரு சத்தம் வந்தது. இவர் தட்டினால் வேறு சத்தம் வந்தது. அடுத்த நாள் மறுபடி தட்டினார், மூன்றாவதாக ஒரு சத்தம் வந்தது.

பழசு வேண்டாம். புதுசுதான். பெங்களூரில் கிடைக்கிறது.

இங்கேதான் அவர் முதல் தப்பைச் செய்தார். புதுசு வாங்கட்டுமா என்று ஞானசுந்தரியைக் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாகக் குளியலறைக்குள் போய், தாழ் போட்டுக்கொண்டு, தானே இரண்டு பேராகப் பேசிப் பார்த்தார்.

"ஞானம், புதுசே வாங்கிடலாமா?"

"இன்னாது, புதுசா? மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லி எத்தனை வருஷமாச்சு?"

"வாரன்ட்டி இருக்குது ஞானம்."

"உங்களுக்கு இருக்குதா வாரன்ட்டி?"

குளியலறை ஞானசுந்தரி வெளுத்து வாங்கினார். தேவானந்தம் தோற்றுப்போய், தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். வெளியே இருந்த நிஜ ஞானசுந்தரி, "யாரோட பேசினு இருந்தீங்க?" என்று கேட்டார். "ஜெபம்" என்றார் இவர்.

அப்புறம் போனஸ் வந்தது. யூர்கன் தன் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார். தேவானந்தம் யாருக்கும் சொல்லாமல் பெங்களூர் போய்ப் புத்தம் புது கார்பன் சைக்கிள் ஒன்றை வாங்கி, கம்பெனியின் சாம்பிள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். போனஸும் போயிற்று. அவசரத்துக்கு என்று தனியாகப் போட்டு வைத்திருந்ததும் போயிற்று. யூர்கன் சைக்கிளைப் போலவே கறுப்பு. ஆனால் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

வீட்டில் இதை யூர்கனின் பழசு என்று காட்ட, அந்தப் பளபளப்பை என்ன செய்வது என்று அவர் கவலைப்படவில்லை. அவர் வேலையே அதுதானே. ஃபினிஷிங் பிரிவில் ஆன்டிக் ஃபினிஷ் என்று ஒன்று உண்டு. நல்ல புது ஷூவை எடுத்து, பழுப்பு மெழுகு பூசி, மூக்கிலும் குதிகாலிலும் தேய்த்து, பத்து வருஷம் போட்டுக் கழற்றியதுபோல ஆக்குவது. வெள்ளைக்காரன் அதற்குக் கூடுதல் காசு தருவான். ஆம்பூரில் புதுசைப் பழசாக்குவதில் தேவானந்தத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் எல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு, சைக்கிளை மேஜைமேல் வைத்தார். மெழுகு பூசினார். பரவாயில்லை. ஹேண்டிலைச் சுற்றியிருந்த வெள்ளை நாடாவில் அழுக்கு ஏற்றினார். அதுவும் பரவாயில்லை. கடைசியில் உப்புத்தாளைக் கையில் எடுத்தார். ஒரு மனிதன் ஆசை ஆசையாய் வாங்கிய பொருளைத் தானே சுரண்டுவது என்றால் லேசா? "ஆண்டவரே, மன்னியும்" என்று கண்ணை மூடிக்கொண்டு முதல் கீறலைப் போட்டார். சர்ரென்ற அந்தச் சத்தம் பல்லில் போய் நின்றது. இரண்டாவது கீறலுக்குக் கண் கலங்கியது. பத்தாவதுக்குள் கை பழகிவிட்டது. வேலைக்காரன் கை, பழகத்தானே செய்யும்.

வீட்டில் ஞானசுந்தரி சைக்கிளைச் சுற்றி வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார். ஒரு கீறலை விரலால் தடவினார்.

"பாவம், நல்லா உழைச்சிருக்குது" என்றார்.

"ஜெர்மனி ரோடு முழுக்க ஓடினது" என்றார் தேவானந்தம்.

"மெழுகு வாசனை வருதே?"

"ஜெர்மன்காரங்க அப்பிடித்தான் தொடைப்பாங்க."

ஞானசுந்தரி சமையலறைக்குப் போய்விட்டார். தேவானந்தம் வென்றார். தினமும் காலையில் மாதனூர் பக்கம் பறந்தார். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் இறங்கி, கீறல் இல்லாத ஒரே இடமான சீட்டுக்கு அடியில் குனிந்து, அந்தப் பளபளப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவார். முழுசும் இப்படி இருந்திருக்குமே என்று தோன்றும். பிறகு ஏறி மிதிப்பார்.

நவம்பரில் மாதாகோயிலில் அறுப்பின் பண்டிகை அறிவித்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவர, ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவது வழக்கம். வருஷா வருஷம் ஏலம் விடுகிறவர் தேவானந்தம். கணீரென்ற குரல். ஒரு பரங்கிக்காயை ஒரு மணமகள் அளவுக்குப் புகழ்ந்து விற்பார்.

"இந்த வருஷம் இன்னா கொடுக்கலாம்?" என்றார் ஞானசுந்தரி.

"பரங்கிக்காய்."

"எப்பப் பாரு பரங்கிக்காயா? அந்தப் பழைய சைக்கிளக் கொடுத்துடலாங்க."

தேவானந்தத்தின் கையிலிருந்த டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றது.

"பழசப் போயி ஆண்டவருக்குக் கொடுக்கறதா? தப்பு ஞானம்."

"பழசுன்னாலும் நல்ல கண்டிசன்னு நீங்கதானே சொன்னீங்க? அது போவட்டும். உங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிடலாம்."

"புதுசா?"

"ஆமா, புதுசு. எனக்குச் சீட்டு விழுந்திருக்குது. ஆசப்பட்ட மனுஷன் பழசுல போறாரேன்னு எனக்கே சங்கடமா இருக்குது."

புதுசு தருகிறேன் என்கிறபோது பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற புருஷன் உலகத்தில் உண்டா? என்னவென்று சொல்லி மறுப்பது? தேவானந்தம் பேந்தப் பேந்த விழித்தார். ஆனால் குளியலறைக்குப் போய் வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. உள்ளே ஒரு திட்டம் பிறந்துவிட்டது.

திட்டம் இதுதான். பழசு என்று சொன்ன சைக்கிள் ஏலத்துக்குப் போகட்டும். சிநேகிதனை விட்டு அற்ப விலைக்கு எடுத்துவிட வேண்டியது. மெழுகைத் துடைத்து, கீறலை மூட நல்ல பாலிஷ் போட்டு, இதுதான் பெங்களூரில் வாங்கிய புதுசு என்று வீட்டுக்கு ஓட்டி வர வேண்டியது. சைக்கிளும் திரும்பி வரும். ஞானத்தின் சீட்டுப் பணத்தால் காலியான சேமிப்பும் நிரம்பும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

சிநேகிதன் பக்கத்து வீட்டு அமீர் பாஷா, தோல் வியாபாரி.

"நீயே கொடுக்கற, நீயே எடுக்கற. இன்னாப்பா பேஜாரு இது?" என்றார் பாஷா.

"செண்டிமென்ட் தோஸ்த். கேள்வி கேக்காத. எப்பிடியாவது எடுத்துடு."

புது சைக்கிள் என்ற ரகசியத்தை அவரிடமும் சொல்லவில்லை. அது இரண்டாவது தப்பு.

பண்டிகை நாளன்று மாதாகோயில் வளாகம் நிறைந்திருந்தது. கோழி போயிற்று, வாழைத்தார் போயிற்று, மிஷன் ஆஸ்பத்திரி கெசியா சிஸ்டர் செய்த கேக் போயிற்று. கடைசியில் சைக்கிளைக் கொண்டுவந்து மேடையில் சாய்த்தார்கள். தேவானந்தம் மைக்கைப் பிடித்தார். விலை ஏறக் கூடாதே என்ற பயம் அவரைப் பிடித்தது.

"அடுத்து ஒரு பழைய சைக்கிள்" என்றார். "ரொம்பப் பழசு. கேரியர் கெடயாது, பெல்லு கெடயாது. கீறல நீங்களே பாக்கறீங்க. உள்ள விரிசல் இருந்தாலும் இருக்கலாம், வெளிய தெரியாது. வாங்கறவங்க யோசிச்சு வாங்குங்க."

பரங்கிக்காயை மணமகள் ஆக்கியவர் இன்றைக்கு இப்படிப் பேசுகிறாரே என்று ஆராதனை நடத்திய ஐயரே நிமிர்ந்து பார்த்தார்.

அமீர் பாஷா ஐந்நூறு என்று ஆரம்பித்தார். பெண்கள் வரிசையிலிருந்து ஆயிரம் என்று ஒரு குரல் வந்தது. கெசியா சிஸ்டர். ஞானசுந்தரிக்கு அடுத்த நாற்காலி. பாஷா ஏற்றினார். கெசியா அதற்கு மேலே ஏற்றினார். பாஷா மறுபடி ஏற்றினார். கெசியா, கேக்கை வாங்கியவர் நீட்டிய துண்டைச் சாப்பிட்டுக்கொண்டே இன்னும் ஏற்றினார். பாஷா சைக்கிளைப் பார்த்தார். தேவானந்தத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தரம்" என்றார் தேவானந்தம். பாஷாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பாஷாவும் பதிலுக்குச் சிமிட்டினார்.

"ரெண்டு தரம்." கண்ணை உருட்டினார். பாஷா புன்னகைத்தார்.

"ரெண்டே கால் தரம்... ரெண்டரைத் தரம்..."

கூட்டம் சிரித்தது. ஐயர் இருமினார். வேறு வழியில்லை. தன் சைக்கிளுக்குத் தன் வாயாலேயே, அடக்க ஆராதனையில் பேசுகிற குரலில், "மூணு தரம்" என்றார்.

இறங்கி ஓடி வந்து பாஷாவின் சட்டையைப் பிடித்தார். "ஏன்யா வுட்ட?"

"நீதானேப்பா உள்ள விரிசல்னு சொன்ன? செண்டிமென்ட்டுக்கும் ஒரு ரேட்டு இருக்குது தோஸ்த். உன்னைக் காப்பாத்திட்டேன்" என்றார் பாஷா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தேவானந்தம் நடந்தே வீட்டுக்குப் போனார். டாக்டர் சொன்ன நடை அன்றைக்குத்தான் முதல் முறையாக நடந்தது. வழியெல்லாம் கணக்கில்லாத வருத்தம். யூர்கனுடைய பழசையே வாங்கியிருக்கலாம், அதன் கீறலாவது நாணயமான கீறல். புதுசை வாங்கியவன் புதுசு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் போயிற்றே என்று நொந்துகொண்டு கதவைத் திறந்தார்.

கூடத்துச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஞானசுந்தரி.

"கெசியாகிட்ட நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். "உக்காருங்க, தண்ணி குடிங்க."

தேவானந்தம் குடித்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த அன்னிக்கே. டயர் ஓரத்துல மீச மீசயா ரப்பர் முடி, ஒண்ணுகூடத் தேயல. அதுக்கு மேல இந்தக் கீறலு. பழைய தழும்பு எது, இன்னிக்குப் போட்ட காயம் எதுன்னு தெரியாமயா இத்தன வருஷம் வார்டு பாக்கறேன்? எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு, ஒரே கை, ஒரே நாள்ல போட்டது. சோத்தாங்கை ஆளு."

தேவானந்தம் தன் வலது கையை மறைத்துக்கொண்டார்.

"புதுசு வாங்கட்டுமான்னு நேரா கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"வாங்கிக்குங்கன்னு சொல்லியிருப்பேன். கட்டினு வந்ததுலேர்ந்து உங்களுக்குன்னு நீங்க ஒண்ணுகூட வாங்கினதில்ல. எப்பக் கேப்பீங்கன்னுதான் காத்துனு இருந்தேன்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனைவியை வெளியே உட்கார வைத்துவிட்டு, குளியலறைக்குள் இருந்த பொல்லாதவளிடம் போய் அனுமதி கேட்டிருக்கிறார். துணியை எடுத்து சைக்கிளைத் துடைத்தார். மெழுகு வந்தது. கீறல் வரவில்லை. அழுத்தித் துடைத்தார். கீறல் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

தலையைக் குனிந்தபடியே, மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... அந்தப் புதுசு? சீட்டுப் பணத்துல வாங்கித் தர்றேன்னியே?"

"வாங்கிட்டேனே" என்றார் ஞானசுந்தரி. "இதான் புதுசு. சீட்டுப் பணம் ஏலத்துக்கே போயிடுச்சு. இன்னும் பழசா வேணும்னா உங்களுக்குத்தான் கை வேலை தெரியுமே."